மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே

மைக் கையில் கிடைத்ததும் விரலால் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, வாயால் ஊதிப் பார்ப்பவர்கள் உண்டு. இரண்டு கூட்டமும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. தட்டினால் மைக் கெடும், ஊதினால் எச்சில் தெறிக்கும். இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி அப்பா ஓய்ந்துபோனார். ஊர் கேட்கவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் மைக் செட் கடை. கோயில் உற்சவம், மீலாது விழா, நெசவாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், வார்டு கூட்டம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று இந்த ஊரில் யார் வாயைத் திறந்தாலும் அது எங்கள் ஸ்பீக்கர் பாக்ஸ் வழியாகத்தான் வெளியே வரும் என்று அம்மா பெருமையடிப்பாள். அதில் பாதி உண்மை. பள்ளி விடுமுறை வந்தால் நான் அப்பாவோடு வேனில் தொற்றிக்கொள்வேன். மற்ற பிள்ளைகள் சினிமா பார்த்து வளர்ந்தார்கள் என்றால் நான் மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்தேன். எந்தப் பேச்சாளர் எந்த இடத்தில் தண்ணீர் குடிப்பார், எந்த இடத்தில் குரலைத் தழுதழுக்கவிடுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அப்பா நேர்மாறு. அவர் சத்தத்தைக் கேட்பார், பேச்சைக் கேட்கமாட்டார். ஒருவர் பேசிப் பேசிக் கூட்டத்தையே அழவைத்திருப்பார். பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். வேனில் திரும்பி வரும்போது, "என்னாப்பா பேசினாரு அவரு?" என்று நான் வேண்டுமென்றே கேட்பேன். "அவருக்கு ட்ரெபிள் ஜாஸ்திமா, கீச்சுனு கேக்குது. கொறச்சேன்" என்பார். அவ்வளவுதான். அந்த வேனின் பெட்ரோல் வாசனை, பின்னால் ஒயர் சுருள்களின் மேல் நான் உட்கார்ந்து வந்த பயணங்கள் எல்லாம் இப்போதும் நினைவுக்கு வருகின்றன. என் பால்யம் முழுவதும் அந்த வேனில்தான் இருக்கிறது.

நான் கல்லூரி கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, கொரோனாவுக்கு முன்னால், எங்கள் கல்லூரியில் சர்வதேச இளைஞர் தலைமைத்துவ மாநாடு நடந்தது. மூன்று நாள். எத்தனையோ நாட்டிலிருந்து எங்கள் வயதுப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஊருக்குள் பேச்சு அதுவாகவே இருந்தது. கோயில் வாசலில் அவர்களைச் சுற்றி ஆட்டோக்காரர்கள் மொய்த்தார்கள். பட்டுக்கடைக்காரர்கள் குளிர்பானம் கொடுத்து உள்ளே இழுத்தார்கள். கல்லூரி விடுதியில் காலைப் பலகாரத்துக்குக் காஞ்சிபுரம் இட்லி. மிளகைக் கடித்துவிட்டு அந்தப் பிள்ளைகள் விழித்த விழிப்பை நாங்கள் வாரக்கணக்கில் சொல்லிச் சிரித்தோம்.

கல்லூரியின் புது கலையரங்கத்தில் சுவரோடு பதித்த ஒலிபெருக்கிகள் இருந்தன. ஆனால் சுவிட்சைப் போட்டால் ஈ மொய்ப்பதுபோல ஒரு முனகல். யார் யாரோ வந்து பார்த்தும் அது நிற்கவில்லை. கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் எங்கள் பழைய பாக்ஸ்கள் சர்வதேச மேடையில் ஏறின.

நானும் ஏறவேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் உள்ளூர் இளைஞர்கள் சார்பில் ஒருவர் ஐந்து நிமிடம் தமிழில் பேசவேண்டும், எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பார் என்று ஏற்பாடு. பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கிக் கொண்டிருந்த என்னைப் பிடித்துப் போட்டார்கள். தலைப்பு, "என் ஊரில் நான் எதை முன்னின்று நடத்துவேன்?"

தலைப்பு எனக்காகவே வைத்தது போலிருந்தது. ஏனென்றால் பதில் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. எங்கள் கடை.

அப்பா கடையைக் கைமாற்றிவிட முடிவு செய்திருந்தார். முழங்கால் வலி. ஏணி ஏறிக் குழாய் ஒலிபெருக்கி கட்ட முடியவில்லை. எனக்கோ ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. ஐயம்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஒருவர், நல்ல மனிதர்தான், கடையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கேட்டிருந்தார். அப்பா அரை மனதாகத் தலையாட்டியிருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது, "நான் பாத்துக்கட்டுமாப்பா கடைய?" என்று கேட்டேன். அப்பா சிரித்தார். "பாக்ஸ் தூக்கினு நீ முன்னால போவ, மாப்பிள்ள பின்னால ஒயர் சுத்திக்கினு வருவானா?" என்றார். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனி வேலையை நான் வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை, ஆனால் அந்தக் கடை கைவிட்டுப் போவதை நினைத்தால் அழுகை முட்டியது. அது எனக்கு வேண்டும். அவ்வளவு வெளிப்படையான ஆசை.

வீட்டில் சொன்னால் சிரிக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? மைக்கில் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். ஒரு நிகழ்ச்சி நடக்கும்போது அப்பா ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியை விட்டு அசையமாட்டார். எழுந்து போகமாட்டார், பேச்சை மாற்றமாட்டார், சிரிக்கமாட்டார். ஐந்து நிமிடம் அவர் காதை யாராவது பிடித்துவைக்க முடியும் என்றால் அது மேடையில் நிற்பவரால்தான் முடியும்.

முதல் இரண்டு நாளும் மற்றவர்கள் பேசியதைக் கேட்டேன். கென்யாவிலிருந்து ஓர் இளைஞர், மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினார். ஒவ்வொரு முறை பாக்ஸுக்கு முன்னால் போகும்போதும் அது ஊளையிட்டது. அப்பா பல்லைக் கடித்தார். ஆனால் அந்த இளைஞர் தன் தாயைப் பற்றிச் சொன்ன இடத்தில் நானும் அழுதேன். சென்னையிலிருந்து வந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் எங்களை எல்லாம் எழுந்து நிற்கவைத்து, பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டி "உன்னால் முடியும்" என்று கத்தச் சொன்னார். என் பக்கத்திலிருந்தவள் தட்டிய தட்டில் தோள் இறங்கிவிட்டது. என்ன முடியும் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை.

பிறகு நேபாளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிடக் குள்ளம். தட்டவுமில்லை, ஊதவுமில்லை. மைக் ஸ்டாண்டைத் தன் உயரத்துக்குத் தானே இறக்கிக்கொண்டாள். முதல் வரியே இதுதான்: "எங்கள் மலையில் ஒரு சின்ன வானொலி நிலையம் இருக்கிறது, அதை நான் நடத்துகிறேன்." மலை சரிந்து பாதை மூடிக்கொண்டால் கீழ் ஊருக்குச் செய்தி சொல்ல அது ஒன்றுதான் வழியாம். அதை நடத்தி வந்தவர் மூடிவிட்டு நகரத்துக்குப் போகக் கிளம்பியபோது, இவள் போய்ச் சாவியைக் கேட்டிருக்கிறாள். அவர் திகைத்துப்போய், "இதுவரை யாரும் கேட்கவில்லையே" என்றாராம். அவ்வளவு சொல்லிவிட்டு, ஐந்து நிமிட மணி அடிக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிட்டாள். அரங்கம் கைதட்டத் தாமதித்தது. வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன் என்று சொல்லாமல் ஒரு பேச்சு முடியும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.

அவள் பேச்சு என்னை உலுக்கிவிட்டது. தேநீர் இடைவேளையில் அவளைத் தேடிப் போய், என்னிடம் இருந்த உடைந்த ஆங்கிலத்தில் அப்பாவையும் கடையையும் என் திட்டத்தையும் கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "முதல் வரியிலேயே சொல்லிவிடு. சுற்றி வளைக்காதே" என்றாள். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். இப்போதும் மலையில் மண் சரிந்தது என்று செய்தியில் வந்தால் அவள் முகம்தான் கண்முன் வருகிறது. பாவம், அவளுக்கு என்னைத் தெரியும், எங்கள் ஊரைத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை. வெளிநாட்டவர் பேசியபோதெல்லாம் மேடை காலியாகத்தான் இருந்தது. அமைப்பாளர்களின் கண்டிப்பு அப்படி. ஒரு மைக், ஒரு ஆள், ஐந்து நிமிடம், ஒரு மணியோசை. மணி அடித்தும் நிறுத்தாவிட்டால் கமிட்டித் தலைவர் கையைத் தூக்குவார், அப்பா மைக்கை நிறுத்திவிடவேண்டும். முதல் நாளே இரண்டு பேருக்கு அப்படி நடந்தது. ஆனால் இன்றைக்கு உள்ளூர் நிகழ்ச்சி. உள்ளூர்ப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்களைக் கீழே உட்காரவைக்க இந்த ஊரில் யாருக்கு மனசு வரும்? நாற்காலிகள் ஏறின. பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஏறின. கல்லூரித் தாளாளர், முதல்வர், கோயில் அறங்காவலர், ஜமாத் பெரியவர், வார்டு கவுன்சிலர், கூரத்திலிருந்து விவசாயச் சங்கத் தலைவர், பட்டு வியாபாரிகள் சங்கச் செயலாளர், நெசவாளர் சங்கத்தின் இப்போதைய தலைவர், அவரிடம் தேர்தலில் தோற்று அவரோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளாத முன்னாள் தலைவர். இந்தக் கடைசி இருவரும் மேடையின் இரண்டு கோடியில், முகத்தை எதிரெதிர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் என் பக்கத்தில் வந்து நின்றார். அரங்கத்தின் கடைசியில், மிக்சருக்குப் பின்னால், அப்பா. அவர் அருகில் ஐயம்பேட்டைக்காரர். செட் எப்படி ஓடுகிறது என்று பார்க்க மூன்று நாளாக அவரும் வந்துகொண்டிருந்தார். நேபாளப் பெண் முன்வரிசையிலிருந்து எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

முதல் வரி என் நாக்கு நுனியில்தான் இருந்தது. திரும்பி ஒருமுறை மேடையைப் பார்த்தேன். அதுதான் செய்திருக்கக் கூடாது. அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் அப்பாவின் வாடிக்கைப் பார்ட்டிகள். உற்சவத்துக்கு மைக் செட் சொல்பவர், மீலாதுக்குச் சொல்பவர், ஆண்டுக் கூட்டத்துக்குச் சொல்பவர். ஒருவரை விளிக்காமல் பேச்சைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தெரு விழாவில் பேர் விட்டுப்போன பெரியவர் ஒருவர், அதற்கப்புறம் அந்தத் தெரு விழாவின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"பெருமதிப்பிற்குரிய கல்லூரித் தாளாளர் அவர்களே."

பேராசிரியர் மொழிபெயர்த்தார். "மாண்பமை முதல்வர் அவர்களே." மொழிபெயர்த்தார். அடுத்தது அறங்காவலரும் ஜமாத் பெரியவரும். யாரை முதலில் சொல்வது? வயதில் மூத்தவர் ஜமாத் பெரியவர், எனவே அவர் முதலில், ஆனால் அறங்காவலருக்கு ஒரு சொல் கூட்டி. கவுன்சிலருக்கு அவருடைய வார்டையும் சேர்த்து. கூரத்துக்காரருக்கு ஊரின் பழம்பெருமையில் ஒரு சிட்டிகை, பட்டு வியாபாரிகள் சங்கச் செயலாளருக்குப் பட்டின் புகழில் ஒரு சிட்டிகை. நான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அடைமொழி போட, பேராசிரியரிடம் 'ரெஸ்பெக்டட்' என்ற ஒன்றுதான் இருந்தது. அதையே விதவிதமான குரலில் சொன்னார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, ஒருவரைக்கூட விடவில்லை. ஒவ்வொருவரும் நாற்காலியில் கொஞ்சம் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார்கள். அதற்கும் நேரம் ஆனது. முன்வரிசையில் கட்டைவிரல் மெல்ல இறங்கியது.

நெசவாளர் சங்கம் வந்ததும் எனக்கு வியர்த்தது. இவரை முதலில் சொன்னால் அவர் எழுந்து போவார், அவரைச் சொன்னால் இவர். "நெசவாளர் சங்கத்தை வளர்த்தவரும் வளர்த்துவருபவருமாகிய எங்கள் இரு பெருமக்களே" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். இருவரும் ஒரே நேரத்தில் கும்பிட்டார்கள். அரங்கத்தில் உள்ளூர்க்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கும் உள்ளூர ஒரு குஷி.

"முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அயல்நாட்டு நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஒலிபெருக்கி அமைத்துத் தந்திருக்கும் என் அப்பா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்றேன்.

மணி அடித்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே! "இன்று நான் இங்கே சொல்ல வந்தது என்னவென்றால்" என்று அவசரமாகத் தொடங்கினேன். கமிட்டித் தலைவர் கையைத் தூக்கினார். அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் குரல் சட்டென்று சிறுத்து என் தொண்டைக்குள்ளேயே வந்து நின்றது. மைக் போய்விட்டது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அரங்கத்தின் பின்பக்கம் ஜெனரேட்டர் ஓரமாகப் போய் நின்று விக்கி விக்கி அழுதேன். அடுத்த நிகழ்ச்சிக்கு முன்னால் ஒயரைப் பார்க்க அப்பா அந்தப் பக்கம் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"என்னையே கட் பண்ணிட்டீங்களேப்பா!"

"கமிட்டி கை தூக்குனா கட் பண்ணணும். மந்திரியா இருந்தாலும் சரி, மகளா இருந்தாலும் சரி. இல்லன்னா நாளைக்கு எவன் நம்மள கூப்புடுவான்?"

"அந்த அண்ணனுக்குக் கடையைக் குடுக்காதீங்க, எனக்குக் குடுங்கன்னு கேக்கத்தாம்பா மேடை ஏறுனேன். கேக்கறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டீங்க."

அப்பா எனக்கு நேராக வந்து நின்றார். "இத கேக்கறதுக்கா அம்மாம் பெரிய மேடை? வூட்ல கேக்கறதுக்கு இன்னா?"

"வூட்ல கேட்டேன். சிரிச்சீங்க."

 உள்ளே பாக்ஸ் ஊளையிட்டது. அப்பா திரும்பி ஓடினார். அன்றைக்கு அந்த பாக்ஸ் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

பிற்பகல் முழுவதும் நான் யார் முகத்திலும் விழிக்கவில்லை. நேபாளப் பெண் என்னைக் கண்டுபிடித்து வந்து கட்டிக்கொண்டாள். "சொல்லிவிட்டாயா?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அத்தனை பேர் எழுந்து கும்பிட்டதைப் பார்த்து நான் ஏதோ பெரிய விஷயம் பேசி முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தாள். இல்லை என்று தலையாட்டினேன். அவளுடைய பேருந்து காத்துக்கொண்டிருந்தது. கை காட்டிக்கொண்டே போனாள்.

மாநாடு முடிந்தது. சாயங்கால வெயில் கலையரங்கத்தின் படிகளில் சாய்ந்திருந்தது. காகிதத் தட்டுகளும் வாடிய மல்லிகையும் தரையெல்லாம் கிடந்தன. இத்தனை வருடம் கழித்தும் ஒரு விழா முடிந்த மண்டபத்தில் அந்த வாசனை வந்தால் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன். அப்பா ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் வேனுக்குப் பக்கத்தில் உம்மென்று நின்றேன். ஐயம்பேட்டைக்காரர் பாக்ஸ் ஒன்றைத் தட்டிக் கொடுத்தபடி வந்தார்.

"செட்டு சூப்பரா இருக்குதுண்ணா. அப்ப எப்ப வந்து எடுத்துக்கட்டும்?"

அப்பா சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"என்ன கேக்காதப்பா. கடைக்காரம்மா அங்க நிக்குது பாரு. அதாண்ட கேளு."

அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "யாரு, பாப்பாவா? இன்னாண்ணா வெளாடறியா?"

"கேட்டுக்கினுதானே இருந்த நீயும்? மேடைல அத்தன பார்ட்டிங்க. ஒருத்தர வுட்டுச்சா? எவன் மனசுனா நோவ வச்சுச்சா? அந்த ரெண்டு தலைவருங்களயும் ஒரே மூச்சுல கூப்ட்டு உக்கார வச்சுதே. எனக்கு வராதுப்பா அது. அவங்க கூட்டத்துக்குப் போனாலே நான் ஆம்ப்ளிபயர் பின்னால ஒளிஞ்சிக்கிவேன். பாக்ஸு தூக்க ஆள் வச்சிக்கலாம். இதுக்கு எங்க போயி ஆள் வைக்கறது?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கேட்டிருக்கிறார். ட்ரெபிளை அல்ல, பேஸை அல்ல, ஆள் ஆளாக, வரிசை வரிசையாக நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் என் அப்பா கேட்டிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தை இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐயம்பேட்டைக்காரர் நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். நேராக என் எதிரில் வந்து நின்று, ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரரிடம் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"இன்னாமா சொல்ற? குடுக்கறியா?"

"இல்லண்ணா, குடுக்கல" என்றேன்.

அந்த மூன்று நாள் மாநாட்டில் நான் முழுதாகப் பேசி முடித்தது அது ஒன்றுதான்.